வெயிலில் விழுந்த இடி

கேள்வி: நல்ல வெயில். காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன்; பக்கத்துத் தென்னையில் இடி! மழையே இல்லையே, எப்படி? (வாசகி, செந்தூல்)

பதில்: உங்கள் தலைக்கு மேல் மேகம் இல்லாவிட்டால் என்னம்மா, கோம்பாக் பக்கம் கறுத்திருக்கும்! மேகத்தின் உச்சியில் கிளம்பும் மின்னல் சில வேளை பக்கவாட்டில் ஓடி, 15 கிலோமீட்டர் தள்ளியும் இறங்கும். 2017 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவில் ஒரே மின்னல் 829 கிலோமீட்டர் நீண்டது. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போய்த் திரும்பினாலும் மிச்சமிருக்கும் தூரம்.

இடி கேட்டால் என் பாட்டி "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பார். சொல்லிக்கொண்டே எங்களை வீட்டுக்குள் தள்ளுவார். அந்த இரண்டாவது வேலைதான் முக்கியம். கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள். துணி நனைந்தால் நனையட்டும்.