பூவனில் மஞ்சள் கோடு: டானிக்குக் காசைக் கொட்டாதீர்கள்

கேள்வி: தொட்டியம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் திசு வளர்ப்புப் பூவன் வாழை நட்டிருக்கிறேன். நாலாம் மாதத்தில் சில மரங்களின் இலையில் மஞ்சள் கோடுகள். கன்று கொடுத்த ஏஜென்ட், "நோய் இல்லை, மூன்று அடுக்கு குரோமோசோம் உள்ள மரத்தில் ஜீன் இப்படித்தான் மாறும், டானிக் அடித்தால் சரியாகும்" என்கிறார். நம்பலாமா?

பதில்: அவர் சொன்னதில் கால்வாசி உண்மை. அதுதான் வம்பு.

பூவனில் குரோமோசோம் மூன்று தொகுதி, தொகுதிக்கு 11. இரண்டு தொகுதி 'ஏ', ஒன்று 'பி'. இரு வேறு காட்டு வாழைகளின் சொத்து. அந்த 'பி'க்குள், இந்த மஞ்சள் கோட்டை உண்டாக்கும் இலைக்கோட்டு வைரஸின் மரபணு என்றைக்கோ புகுந்து தங்கிவிட்டது. சாதாரணமாகச் சும்மா கிடக்கும். வறட்சி, குளிர், திசு வளர்ப்புக் கூடத்தில் படும் பாடு என்று ஏதாவது நெருக்கினால் விழித்து, முழு வைரஸாகவே கிளம்பிவிடும். மாவுப்பூச்சியும் வெளியிலிருந்து கொண்டுவரும்.

எந்த டானிக்கும் இதை அடக்காது. ஆனால் வெயில் ஏறியதும் புது இலைகள் பல சமயம் கோடில்லாமல் வரும். ஏஜென்ட் அதைத் தன் டானிக்கின் கணக்கில் எழுதிக்கொள்வார்!

இரும்புச்சத்துக் குறை என்றால் குருத்திலை முழுக்க நரம்புக்கு நரம்பு நடுவே வெளுக்கும். வைரஸ் கோடு விட்டுவிட்டு நடுநரம்பிலிருந்து ஓரத்துக்கு ஓடும், பிறகு பழுப்பாகிக் கருகும். சந்தேகம் தீராவிட்டால் திருச்சி தாயனூரில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் இலையைக் காட்டுங்கள்.

ஏதோ ஒரு லேபில் சாதாரண பிசிஆர் (மரபணுவைத் தேடும் சோதனை) எடுத்து 'பாசிட்டிவ்' என்று தாள் நீட்டினால் பயப்படாதீர்கள். குரோமோசோமுக்குள் இருக்கும் துண்டே அதில் தெரிந்துவிடும். நல்ல பூவனும் பாசிட்டிவ்தான். கிளம்பிய வைரஸைப் பிரித்துக் காட்டும் சோதனை வேறு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஜி9 (கிராண்ட் நைன்) வாழை ரகம் போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் மூன்றும் 'ஏ', 'பி' கிடையாது. எனவே இந்த வைரஸ் உள்ளிருந்து எழ வழியில்லை. ஜி9 இலையில் இதே கோடு வந்தால் அது கன்றோடு வந்தது, இல்லையென்றால் பூச்சி கொண்டுவந்தது. அங்கேயும் "ஜீன் மாறிவிட்டது" என்று யாராவது சொன்னால் கதை விடுகிறார் என்று பொருள்.

திசு வளர்ப்புக் கன்றுக்கு வைரஸ் சோதனையோடு சான்று தரும் தேசிய முறை 2006 முதல் இருக்கிறது. அந்தச் சான்று லேபிளைக் கேட்டால் "கம்பெனியில இருக்கு சார்" என்பார்கள். தட்டிக்கேட்க வேண்டியவர்கள் விழாக்களில் கன்று வழங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

குருத்து கருகிய மரங்களை மட்டும் வெட்டி எடுங்கள். மற்றவற்றுக்குத் தண்ணீரும் உரமும் குறையாமல் கொடுங்கள், மாவுப்பூச்சியைக் கவனியுங்கள். கோடு விழுந்த மரத்தின் பக்கக் கன்றை நீங்களும் நடாதீர்கள், பக்கத்துத் தோட்டத்துக்கும் கொடுக்காதீர்கள். ஏஜென்டிடம் தொகுப்பு எண் போட்ட பில்லை இப்போதே கேளுங்கள். இழப்பீடு கேட்க வேறு காகிதம் உங்கள் கையில் இருக்காது.