வாசகர் கேள்வி: எடை குறைத்தபின் பசி ஏன் கூடுகிறது?

கேள்வி: உணவைக் கட்டுப்படுத்திக் கணிசமாக எடை குறைத்தேன். அதன்பிறகு பசி முன்பைவிட அதிகமாகி, போன எடை மெல்லத் திரும்பி வருகிறது. மன உறுதி இல்லாததுதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அது சரிதானா?

பதில்: சரியல்ல. எடை குறைந்த உடல் இப்படி நடந்துகொள்வது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றே. அதற்காக ஒருவரைப் பழிப்பது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

பசியைக் கட்டுப்படுத்தும் முக்கிய இடம் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ். அதில் ஆர்க்குவேட் எனப்படும் பகுதியில் எதிரெதிராக இயங்கும் இரண்டு வகை நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒரு வகை, நியூரோபெப்டைடு ஒய், ஏஜிஆர்பி ஆகிய பெப்டைடுகளை, அதாவது சிறு புரதத் துண்டுகளைச் சுரந்து உண்ணத் தூண்டுகிறது. மற்றொரு வகை ஆல்ஃபா எம்எஸ்எச் என்ற பெப்டைடைச் சுரந்து, எம்சி4 என்னும் ஏற்பியின் (செல்லில் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்தின்) வழியாக உண்ணும் வேட்கையைத் தணிக்கிறது. இவை இரண்டும் சமபலம் கொண்டவை அல்ல. ஏஜிஆர்பி அதே எம்சி4 ஏற்பியின் செயலை அடக்குகிறது. அதைச் சுரக்கும் செல்களோ தணிக்கும் செல்களை நேரடியாகவும் ஒடுக்குகின்றன.

இந்தச் செல்களுக்கு உடலின் கொழுப்பிருப்பைத் தெரிவிப்பது, கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன். இருப்பு மிகுந்தால் லெப்டினும் மிகும். அது தூண்டும் செல்களை அடக்கித் தணிக்கும் செல்களை ஊக்குவிக்கும். நீங்கள் உணவைக் குறைத்தபோது, கொழுப்பு பெரிதாகக் கரைவதற்கு முன்பே, சில நாட்களுக்குள் லெப்டின் சரிந்திருக்கும். மூளை அதைப் பஞ்சம் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது. உடல் செலவழிக்கும் ஆற்றலையும் குறைக்கிறது. இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனும் எடை குறையும்போது உயர்கிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து வாரக் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களிடம் இந்த ஹார்மோன் மாற்றங்களும் கூடிய பசியும் ஓராண்டு கழித்தும் நீடித்தன. அத்தனை காலம் ஓயாமல் வரும் பசியை மன உறுதி ஒன்றையே கொண்டு எதிர்த்து நிற்பது எவருக்கும் கடினம்.

வயிறு நிறைந்தது என்ற உணர்வு வேறு வழியாக வருகிறது. உணவு குடலை அடைந்ததும் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின், ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய ஹார்மோன்கள், குடலை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் இரத்தம் வழியாகவும் மூளைக்குச் செய்தி அனுப்பி, அந்த வேளை உணவை முடிக்கச் செய்கின்றன. ஆனால், எலிகளுக்கு ஒவ்வொரு வேளையும் கோலிசிஸ்டோகைனின் செலுத்திப் பார்த்தபோது, அவை வேளைக்குச் சிறிதளவே தின்றாலும் அடிக்கடி தின்று கணக்கைச் சரிக்கட்டிவிட்டன; எடை பெரிதாகக் குறையவில்லை. ஒரு வேளையில் எவ்வளவு உண்கிறோம் என்பதும் நெடுங்காலத்தில் எடை எங்கே நிலைகொள்கிறது என்பதும் தனித்தனியே கவனிக்கப்படுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தூக்கம் குறைந்தாலும் பசி கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் லெப்டினை ஊசியாகப் போட்டுக்கொண்டால் பசி அடங்கிவிடாதா?

பதில்: 1994இல் அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழுவினர் லெப்டினுக்கான மரபணுவைக் கண்டறிந்தபோது பலரும் இப்படித்தான் நம்பினார்கள். மரபணுக் குறைபாட்டால் பிறவியிலேயே லெப்டின் சுரக்காத மிகச் சிலருக்கு அந்த நம்பிக்கை முழுமையாகப் பலித்தது: அடங்காப் பசியோடு இருந்த குழந்தைகள், ஊசி போடத் தொடங்கியபின் இயல்பாக உண்ணத் தொடங்கினார்கள். ஆனால் உடல் பருமன் உள்ள பெரும்பாலோரின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே மிகுதியாக இருக்கிறது. மூளைதான் அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. மேலும் சேர்ப்பதால் அவர்களுக்குப் பெரும்பயன் விளைவதில்லை.

இன்று பயனளிப்பவை ஜிஎல்பி-1ஐ ஒத்த மருந்துகள். உடலில் இயல்பாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். செமாகுளூட்டைடு போன்றவை வாரம் ஒருமுறை போட்டாலே போதும் என்ற அளவுக்கு நீடிக்குமாறு வடிவமைக்கப்பட்டவை. ஆனால் ஓர் ஆய்வில், செமாகுளூட்டைடை நிறுத்தியவர்களுக்கு இழந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பி வந்தது. எனவே மருந்தைத் தொடங்குவதா என்பதோடு, எவ்வளவு காலம் தொடர வேண்டியிருக்கும், குமட்டல் போன்ற பக்கவிளைவுகள் உங்களுக்குத் தாங்குமா என்பதையும் மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.