நேபிள்ஸ் ராப்பர்கள் ஏன் இத்தாலிய மொழியில் பாடுவதில்லை?

இத்தாலிய மொழியிலும் பாடுகிறவர்கள் உண்டு. ஆனால் தெற்கு இத்தாலியில் இருக்கும் அந்த ஊர் ராப்பின் உயிர், அதன் உள்ளூர் மொழியான நாப்பொலித்தானோவில்தான் இருக்கிறது. முதல் காரணம் ஓசை. இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும். அழுத்தமும் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். தாளத்தில் வெட்டிப் பேச அது எளிதில் இடம் தராது. நாப்பொலித்தானோவில் ‘பர்லாரே’ (பேசுவது) ‘பர்லா’ என்று அழுத்தத்தோடு நின்றுவிடும். மற்ற சொற்களிலும் கடைசி உயிர் மங்கிப் போகும். வரி பீட்டின் மேல் நச்சென்று உட்காரும்.

அடுத்தது அரசியல். 1991இல் இளைஞர்கள் ஆக்கிரமித்து நடத்திய ‘ஒஃபிச்சீனா 99’ என்ற சமூகக் கூடத்திலிருந்துதான் ‘99 போஸ்ஸே’ குழு வந்தது. வேலையில்லாத் தெற்கு இத்தாலியின் கோபத்தைத் தெருப்பேச்சிலேயே பாடினார்கள். 1998இல் ‘லா ஃபமீலியா’ ராப் குழு தன் ஆல்பத்துக்கு ‘41ஆவது அட்சக்கோடு’ என்று பெயர் வைத்தது. நேபிள்ஸ் அந்தக் கோட்டை ஒட்டித்தான் இருக்கிறது.

என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது ‘கோ சாங்’. மரியனெல்லா பகுதியின் இருவர், 2005இல் வந்த முதல் ஆல்பம். புறநகர் வாழ்க்கையை அலங்காரமில்லாமல் சொன்ன விதம் இன்றும் உலுக்குகிறது.

சரி, உள்ளூர் மொழி என்றால் உள்ளூரோடு நின்றுவிடுமா? நேபிள்ஸின் செகொண்டிலியானோ பகுதி ராப்பர் ஜொலியேர், இத்தாலியின் பெரிய பாட்டுப் போட்டியான சான்ரெமோ விழாவில் 2024இல் நாப்பொலித்தானோவிலேயே பாடினார். இறுதிச் சுற்றின் பொதுமக்கள் வாக்கில் முதலிடம். நடுவர்களின் வாக்கையும் சேர்த்தபோது இரண்டாமிடம்.