கன்னி மூலை யாருக்கு? வீடு கட்டுவோர் கேள்வி – பதில்

கேள்வி: 40-க்கு 60 அடி, கிழக்குப் பார்த்த மனை. எழுபது கடந்த அப்பா, அம்மா, நாங்கள் இருவர், திருமணமாகப் போகும் மகன். தென்மேற்கு அறை குடும்பத் தலைவருக்கு என்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது?
– திருச்சி வாசகர்

பதில்: தரைத்தளத்துக் கன்னி மூலை, அதாவது தென்மேற்கு அறை, பெற்றோருக்கே. அதற்கு நேர் மேலே உள்ள அறையை நீங்கள் எடுத்துக்கொண்டால் உங்களுக்கும் தென்மேற்குதான். மகனுக்கு மாடியில் வாயு மூலை, அதாவது வடமேற்கு. தலைமாடு எல்லோருக்கும் தெற்கே.

சிக்கல் வருவது குளியலறையில்தான். மூலையைக் கழிப்பறைக்குத் தாரைவார்க்காமல், அறைக்கு வடக்கே மேற்குச் சுவரை ஒட்டி 5-க்கு 8 அடி ஒதுக்குங்கள். கதவு 3 அடி அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். வாசலில் படி வேண்டாம். தரை அரை அங்குலம் தாழ்ந்து, நஹானி டிராப்பை (தரையில் நீர் வெளியேறும் வடிகால் வாய்) நோக்கி வாட்டம் இருந்தால் போதும். கைப்பிடிக் கம்பி தரையிலிருந்து 33 அங்குல உயரத்தில். ஹாலோ பிளாக் சுவரானால், கம்பி வரும் இடத்தைச் சுவர் எழும்பும்போதே கான்கிரீட்டால் நிரப்பச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டியபின் துளையிட்டு மாட்டிய கம்பி, ஆள் பாரம் தாங்காமல் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

மாடிக் குளியலறையும் இதற்கு நேர் மேலேயே. குழாய் வளையாமல் இறங்கும். கசிந்தாலும் பூஜையறை மேலோ அடுப்பின் மேலோ சொட்டாது.

கேள்வி: வீட்டின் நடுப்பகுதியான பிரம்மஸ்தானத்தில் முற்றம் வைக்க ஆசை. மழைக்கு என்ன செய்வது?
– மதுரை வாசகி

பதில்: 8-க்கு 6 அடி திறப்பு போதும். ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. கொட்டினால் சுமார் 450 லிட்டர் உள்ளே விழும். அது பெரிய விஷயமில்லை. மொட்டைமாடி வாட்டத்தையும் முற்றத்துக்கே திருப்பிவிடுகிறார்கள், வெள்ளம் அதனால்தான். அந்த நீர் வெளிப்புறமே இறங்கட்டும். முற்றத்துக்கு 4 அங்குலக் குழாய் இரண்டு வையுங்கள். ஒன்றுதான் என்றால் ஓர் இலை போதும், கூடத்தில் தண்ணீர்.

கண்ணாடியால் மூடுவதானால் தளத்திலிருந்து 2 அடி உயர்த்தி, சுற்றிலும் காற்றுப்பலகையும் (காற்றுப் போக இடைவெளி விட்ட சாய்வுப் பலகைகள்) கொசுவலையும் கொடுங்கள். முழுக்க அடைத்தால் சித்திரை வெயிலில் வீடே அடுப்பு.

கேள்வி: மனையடி சாஸ்திரப்படி அறையின் உட்கூடு (சுவருக்குச் சுவர் உள்ளளவு) 11 அடி கேட்டோம். பூச்சு முடிந்தபின் 10 அடி 11 அங்குலம்தான் இருக்கிறது.
– ஈரோடு வாசகர்

பதில்: செங்கலுக்குச் செங்கல் 11 அடி விட்டிருப்பார்கள். இருபக்கப் பூச்சும் அரை அரை அங்குலமாக ஓர் அங்குலத்தைத் தின்றுவிட்டது. சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இல்லாவிட்டால் பூச்சு இன்னும் தடிக்கும். மாடியிலாவது கட்டுமானத்தில் 11 அடி 1 அங்குலம் விடச் சொல்லி, மேஸ்திரி கையில் இருக்கும் வரைபடத்திலேயே எழுதுங்கள். தூண் சுவரைவிட்டுப் பிதுங்குகிறதா என்பதையும் கம்பி கட்டும்போதே பாருங்கள். 9 அங்குலச் சுவரில் 9-க்கு 12 தூணைத் திருப்பி நிறுத்தினால் 3 அங்குலம் அறைக்குள் வந்துவிடும். ஓர் அங்குலத்துக்காகக் கீழே முடித்த பூச்சைக் கொத்த வேண்டாம்.