கண்ணாடியைக் கழற்றுங்கள், ஃபேன் அப்புறம்

கேள்வி: திருச்சியில் மாடி அறை, ஏசி இல்லை. என்ஆர்200பி என்ற சின்ன கணினி கேபினட்டில் ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கிராபிக்ஸ் கார்டு போட்டிருக்கிறேன். பிராசஸருக்கு ஃபேன் வைத்த டவர் கூலர். விளையாட ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் பிராசஸர் 88 டிகிரி, கார்டு 83 டிகிரி. ஹெட்செட்டையும் தாண்டி இரைச்சல் கேட்கிறது. அசெம்பிள் செய்து கொடுத்த கடையில், ஆறு ஆர்ஜிபி (வண்ண வெளிச்சம் போடும்) ஃபேனும், திரவத்தால் குளிர்விக்கும் ஒரு லிக்விட் கூலரும் போட்டால் சரியாகிவிடும், 14,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். போடலாமா சார்? பிராசஸர் எரிந்துவிடுமா?

பதில்: எரியாது. அந்த 14,000 ரூபாயையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

5800எக்ஸுக்கு ஏஎம்டி வைத்திருக்கும் உச்சவரம்பு 90 டிகிரி. அதைத் தொட்டால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கார்டின் 83 என்ற எண்தான் எனக்கு விஷயமாகப் படுகிறது. அந்தத் தலைமுறை கார்டுகளில் பெரும்பாலும் 83 டிகிரியை வெப்ப இலக்காக வைத்துத்தான் அனுப்பினார்கள். அதன் நிஜமான எல்லை 93. ஆக, கார்டு 83-ல் அப்படியே நிற்கிறது என்றால், அதற்கு மேல் சூடாகாமல் இருக்க ஃபேனையும் விரட்டிக்கொண்டு, வேகத்தையும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உங்களுக்குக் கேட்கிற இரைச்சல் பெரும்பாலும் அதுதான்.

அடுத்தது அறை. வெளிநாட்டு வீடியோக்களில் இதே கார்டு 68, 70 என்று காட்டுகிறதே என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவர்கள் அறை 22 டிகிரி. கத்திரி வெயிலில் உங்கள் மாடி அறை ராத்திரி ஒன்பது மணிக்கும் 36 இருக்கும், பகலில் வாங்கிய சூட்டைத் தளம் அப்போதுதான் இறக்கிக்கொண்டிருக்கும். எந்த கூலரும் அறையை விடக் குளிர்விக்காது. அறைக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் அதால் நிறுத்த முடியும். 83-ல் 36 போனால் 47. அதே பெட்டியை 22 டிகிரி அறையில் வைத்தால் 70-ஐ ஒட்டித்தான் காட்டும். உங்கள் பெட்டி ஊருக்கே மோசமான பெட்டி இல்லை. ஆனால் சரி செய்ய இடம் இருக்கிறது.

ஒரு பைசா செலவில்லாத சோதனை ஒன்று. பக்கப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, அதே விளையாட்டை இருபது நிமிடம் ஆடிப் பாருங்கள். இரண்டு எண்ணும் எட்டு, பத்து டிகிரி இறங்கினால் காற்று வரத்துதான் கோளாறு. கார்டு இறங்கி, பிராசஸர் மட்டும் அசையாமல் நின்றால் கூலர் சரியாக உட்காரவில்லை. கழற்றிப் பாருங்கள். கூலரின் அடியில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டித் தந்த ஒரு கணினி என்னிடம் வந்தது. ஒரு வருஷம் அப்படியே ஓடியிருக்கிறது, பாவம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் காற்று வரத்துதான் என்று பந்தயம் கட்டுவேன். காரணம் அந்த கேபினட். என்ஆர்200பி வாங்கினால் ஒரே டப்பாவில் இரண்டு பக்கப் பலகைகள் வரும்: ஒன்று கண்ணாடி, இன்னொன்று துளை போட்ட இரும்பு. கடைக்காரர் எதை மாட்டியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கார்டையும் நிமிர்த்தி, கண்ணாடிக்கு நேரே ஜவுளிக்கடை பொம்மை மாதிரி நிறுத்தியிருந்தால் இன்னும் மோசம். கார்டின் ஃபேன்கள் கண்ணாடியை மோந்துகொண்டு நிற்கும், இழுக்கக் காற்று எங்கிருந்து வரும்? கார்டை மதர்போர்டில் சொருகும் ஸ்லாட்டிலேயே படுக்கைவாட்டில் போடுங்கள். அப்போது அதன் ஃபேன்கள் கீழே இருக்கும் வலையைப் பார்க்கும். பக்கத்துக்கு இரும்புப் பலகையை மாட்டுங்கள்.

அந்த இரும்புப் பலகை எங்கே என்கிறீர்களா? டப்பாவில் இருக்கும். டப்பா எங்கே? கடையில். இது எனக்குத் தீராத எரிச்சல். அசெம்பிள் செய்து வாங்குகிறவர்கள் பளபளவென்று கணினியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கூடுதல் திருகுகள், பலகை, கேபிள், கார்டின் வாரன்டி அட்டை எல்லாம் கடையின் பரணில் போய்விடும், சில சமயம் அடுத்தவருக்கு விலைக்கும் போய்விடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது டப்பாவோடு சேர்த்துத்தான். நாளைக்கே போய்க் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

இனி ஃபேன். கீழே இருந்து உள்ளே, மேலேயும் பின்னாலும் வெளியே. இவ்வளவுதான் சூத்திரம், சூடான காற்று எப்படியும் மேலே போகத்தான் பார்க்கும். ஃபேனில் குறுக்குச் சட்டம் தெரியாத திறந்த பக்கம்தான் காற்றை உறிஞ்சும் பக்கம். மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் தெரிந்தால் அது காற்றைத் தள்ளும் பக்கம். சந்தேகமாக இருந்தால் டிஷ்யூ காகிதத் துண்டை அருகில் பிடித்துப் பாருங்கள். ஊதுபத்தி ஏற்றிப் பார்ப்பவர்களும் உண்டு, சாம்பல் உள்ளே விழும், வேண்டாம். மேலே இரண்டு ஃபேன் இருந்தால் முன்பக்கம் இருப்பதைக் கழற்றிவிடுங்கள். பிராசஸர் கூலருக்குப் போக வேண்டிய குளிர்ந்த காற்றை அது வழியிலேயே பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது. மூன்று ஃபேன் சரியான திசையில் சுற்றினால் போதும்.

கீழே ஃபேன் போடுவதில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். கார்டைப் படுக்கைவாட்டில் போட்ட பிறகு, அதன் அடிப்பக்கத்துக்கும் கேபினட்டின் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். சாதாரண ஃபேன் 25 மில்லிமீட்டர் தடிமன், ஒல்லி ஃபேன் 15. இடைவெளி 35-க்கு மேல் இருந்தால் சாதாரண ஃபேன் இரண்டு போடலாம். அதற்குக் குறைவாக, ஆனால் 20-க்கு மேல் இருந்தால் ஒல்லி ஃபேன். அதற்கும் கீழே என்றால் ஒன்றுமே போடாதீர்கள். ஃபேனும் ஃபேனும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு சுற்றினால் சுகமான காற்று வராது, விசில்தான் வரும். கார்டு தரைக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்தால் அதன் ஃபேன்களே வெளிக்காற்றை வலை வழியாக நேரடியாக இழுத்துக்கொள்ளும். நடுவில் இன்னொரு ஃபேன் தரகர் மாதிரிதான். உங்கள் கார்டின் தடிமன் இரண்டு ஸ்லாட்டா, இரண்டரையா, மூன்றா என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதனால்தான் அளக்கச் சொல்கிறேன், யார் சொன்னதையும் கேட்டு வாங்காதீர்கள், நான் சொன்னதாக இருந்தாலும். ஒல்லி ஃபேன் எல்லாக் கடையிலும் கிடைக்காது. "அதெல்லாம் வேஸ்ட் சார், இதைப் போடுங்க" என்று சாதாரண ஃபேனைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அப்புறம், இத்தனையும் செய்துவிட்டுப் பெட்டியை மெத்தை மேலோ தரைவிரிப்பு மேலோ வைத்தால் அடிவாசல் அடைந்துவிடும். மேஜை மேல் வையுங்கள்.

இப்போது கடைக்காரரின் ஆறு ஃபேன். ரிமோட்டோடு வரும் மலிவான ஆர்ஜிபி செட் என்றால் கிட்டே போகாதீர்கள். பல செட்டுகளில் ஃபேன்கள் மதர்போர்டோடு பேசவே பேசாது. தனிப் பெட்டி ஒன்றில் சொருகி, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரே மின்சாரம் எடுத்து, எந்நேரமும் ஒரே வேகத்தில் சுற்றும். நீங்கள் வேர்டில் கடிதம் அடித்தாலும் அதே இரைச்சல். ஒரு ஃபேன் போனால் வேறு ஃபேன் அந்தச் செட்டின் இணைப்பில் பெரும்பாலும் பொருந்தாது. நான்கு ஊசி இணைப்பு உள்ள, வெளிச்சம் இல்லாத சாதாரண ஃபேனைக் கேளுங்கள். கடையில் முகம் சுளிப்பார்கள், லாபம் வெளிச்சத்தில்தானே இருக்கிறது.

லிக்விட் கூலரும் உங்கள் நோய்க்கு மருந்தில்லை. பிராசஸர் எவ்வளவு முயன்றாலும் 142 வாட்தான் எடுக்கும், விளையாட்டில் அதற்கும் குறைவு. கார்டு 200 வாட். கார்டின் அந்தச் சூடு கேபினட்டுக்குள்ளேயே இறங்கி, மேலே மாட்டிய லிக்விட் கூலரின் ரேடியேட்டர் வழியாகத்தான் வெளியேறும். வெந்நீரில் கை கழுவுகிற கதை.

காசில்லாத வைத்தியம் வேறு இருக்கிறது. கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், பிராசஸரின் மின்சாரத்தைக் குறைக்கும் இக்கோ மோட் என்று ஒன்று உண்டு. அதில் 65 வாட் என்று பெயர் போட்டதைத் தேர்ந்தெடுத்தால், பிராசஸரின் 142 வாட் உச்சவரம்பு 88 வாட்டாக இறங்கிவிடும். விளையாட்டில் வித்தியாசம் தெரிவது அரிது. வீடியோ ரெண்டர் செய்தால் தெரியும். கார்டுக்கு ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை, அதாவது மின்சார வரம்பை, 80 சதவீதமாக்குங்கள். 200 வாட் 160 ஆகும், போவது நொடிக்குச் சில ஃபிரேம்கள் (திரைக் காட்சிகள்) தான். அதே பயாஸில் ஃபேன் வேகம் கூடுவதற்குச் சில நொடி தாமதம் வையுங்கள். ரைசன் ஒரு பிரவுசரைத் திறந்தாலே சட்டென்று பத்துப் பதினைந்து டிகிரி குதிக்கும், பின்னாலேயே ஃபேனும் குதிக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் காதை அறுப்பது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பில்லை எடுத்துப் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணும், கார்டின் சீரியல் எண்ணும் அதில் இருக்கிறதா? இல்லை, "எஸ்டிமேட்" என்று அச்சடித்த துண்டுச் சீட்டா? நாளைக்குக் கார்டின் ஃபேன் உறுமினால் கடைக்காரர் சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்வார், சர்வீஸ் சென்டர் பில்லைக் கேட்கும், துண்டுச் சீட்டைக் காட்டினால் கடைக்கே போகச் சொல்வார்கள். வரியில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய் மூன்று வருஷ வாரன்டியைத் தூக்கிக் கொடுக்கிறோம். இதைக் கேட்பார் யாருமில்லை. வாடிக்கையாளர்தான் அலைய வேண்டும் என்று இந்த ஏற்பாட்டில் எல்லோருமே முடிவு செய்துவைத்திருக்கிறார்கள்.

கடையில் அந்த இரும்புப் பலகை கிடைக்காமலே போனால், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்படியே திறந்து போட்டுவிடாதீர்கள். நம் ஊரில் பல்லி இருக்கிறது, எஸ்எம்பிஎஸ்ஸின் கதகதப்பு அதற்கு ரொம்பப் பிடிக்கும். ஜன்னலுக்குப் போடும் நைலான் கொசுவலையை அளந்து வெட்டி, ஓரத்தில் காந்தப் பட்டை ஒட்டினால் இரும்புச் சட்டத்தில் கப்பென்று பிடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை உருவி, தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.