வாசகர் கேள்வி பதில்: அடுத்த நாட்டுச் சட்டத்தைக் கேள்வி கேட்கலாமா?

தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையரின் உரிமை, நாட்டின் இறையாண்மை இரண்டும் மோதும் இடங்களைப் பற்றி மதுரை வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மேலூர் வாசகர்: ஒரு நாட்டில் தன்பாலீர்ப்பு குற்றம் என்றால் அது அந்த நாட்டுச் சட்டம். ஐ.நா. அதைக் கேட்பது அடுத்த வீட்டு அடுப்படிக்குள் நுழைவது போல ஆகாதா?

ஐ.நா. சாசனத்தின் 2(7) பிரிவு உங்கள் பக்கம்தான் நிற்கிறது. உள்நாட்டு விவகாரத்தில் ஐ.நா. தலையிட அது இடம் கொடுப்பதில்லை. ஆனால் அதே சாசனத்தின் 55, 56 பிரிவுகளில், மனித உரிமைகளை வளர்க்க ஒத்துழைப்போம் என்று உறுப்பு நாடுகள் வாக்குக் கொடுத்திருக்கின்றன. பிறகு 1966-இல் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை வந்தது. இந்தியா 1979-இல் அதில் சேர்ந்தது. யாரும் கையை முறுக்கிக் கையெழுத்து வாங்கவில்லை. இறையாண்மை உள்ள நாடுதான் அப்படி ஒப்பந்தம் போட முடியும். போட்டபின் 'சொன்னபடி செய்தீர்களா?' என்று கேட்பது அத்துமீறல் ஆகாது.

எந்த அளவுக்குக் கேட்கலாம் என்பதையும் கையெழுத்துதான் முடிவு செய்கிறது. தனிமனிதர் ஐ.நா. குழுவிடம் புகார் கொடுக்க வேண்டுமானால், அவருடைய நாடு அதற்கான விருப்ப நெறிமுறையில், அதாவது உடன்படிக்கையோடு இணைந்த துணை ஒப்பந்தத்தில், தனியாகச் சேர்ந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியா சேர்ந்திருந்தது. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய டாஸ்மேனியா மாநிலச் சட்டத்தை எதிர்த்து ஒருவர் கொடுத்த புகாரில், அந்தச் சட்டம் அந்தரங்க உரிமையை மீறுகிறது என்று மனித உரிமைக் குழு 1994-இல் சொன்னது. குழுவுக்குச் சட்டத்தை நீக்கும் அதிகாரம் கிடையாது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றமே அதே ஆண்டு, வயதுவந்தோரின் அந்தரங்க உறவைப் பாதுகாக்கும் ஒரு சட்டம் இயற்றியது. 1997-இல் டாஸ்மேனியா பழைய பிரிவை நீக்கியது. தன்பாலின உறவுக்கு எதிரான இலங்கையின் 365ஏ பிரிவு பற்றி, ஐ.நா.வின் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் குழுவிடம் அந்நாட்டுப் பெண் ஒருவரே புகார் கொடுத்து 2022-இல் சாதகமான முடிவு பெற்றார். இந்தியா இந்த இரண்டு விருப்ப நெறிமுறைகளிலும் சேரவில்லை, அதனால் இந்தப் பாதை நமக்கு மூடியே இருக்கிறது. மலேசியாவும் சவூதியும் 1966 உடன்படிக்கையிலேயே இல்லை.

திருமங்கலம் வாசகி: இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி என்று என் அண்ணன் அடித்துச் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?

இறக்குமதியானது தண்டனைச் சட்டம் என்று சொல்லுங்கள். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு 1860-இல் ஆங்கிலேயர் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தில் வந்தது. மலேசியா, சிங்கப்பூர் சட்டங்களிலும் அதே 377 என்ற எண் ஒட்டிக்கொண்டது தற்செயல் அல்ல. நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல், வயதுவந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் உறவை அந்தப் பிரிவிலிருந்து விடுவித்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022-இல் 377ஏ பிரிவை நீக்கியது. 2023-இல் மொரீஷியஸ் உச்ச நீதிமன்றம் தன் நாட்டுக் காலனியச் சட்டத்தைச் செல்லாததாக்கியது.

நம்மூர் உதாரணமும் இருக்கிறது. தூத்துக்குடித் தம்பதியின் திருமணத்தைப் பதிய அலுவலகம் மறுத்த வழக்கில், இந்து திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஊடுபால் (ஆண், பெண் என்ற வழக்கமான உடற்கூறுக்குள் அடங்காத) குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்து இல்லாதபோது பாலினத்தைத் 'திருத்தும்' அறுவை சிகிச்சை கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்த ஆகஸ்டிலேயே தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. இதை வெளிநாட்டார் யாரும் வந்து திணிக்கவில்லை. பாலியல் நாட்டம், பாலின அடையாளம் சார்ந்த உரிமைகளைத் தொகுத்த யோக்யகர்த்தா கோட்பாடுகள் போன்ற பன்னாட்டு ஆவணங்களை 2014-இன் திருநர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தானாகவே எடுத்துப் படித்து, நம் அரசியலமைப்புக்குப் பொருந்துகிறது என்று ஏற்றுக்கொண்டது. வெளியிலிருந்து வரும் கருத்து நிலைப்பது இப்படித்தான்.

உசிலம்பட்டி வாசகர்: உகாண்டா போன்ற நாடுகளுக்கு உதவிப் பணத்தை நிறுத்தினால் வழிக்கு வருவார்களே?

வரவில்லை என்பதே அனுபவம். 2014-இல் உகாண்டா தன்பாலீர்ப்புக்கு எதிராகக் கடுமையான சட்டம் கொண்டுவந்தபோது, உலக வங்கி 9 கோடி டாலர் கடனை ஒத்திவைத்தது. அது தாய்சேய் நலத்துக்கான சுகாதாரக் கடன். பிரசவத்துக்கு மருத்துவமனைக்கு வரும் பெண்ணுக்கும் அந்தச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தச் சட்டத்தை வீழ்த்தியது உகாண்டாவின் சொந்த அரசியலமைப்பு நீதிமன்றம். நாடாளுமன்றத்தில் போதிய உறுப்பினர் இல்லாமலே நிறைவேறியது என்பது காரணம். 2023-இல் இன்னும் கொடுமையான சட்டம் வந்தது.

பழி யார் தலையில் விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மருந்துக் கிடங்கு காலியானால் ஊர் வெள்ளைக்கார அமைச்சரைத் திட்டாது, பக்கத்துத் தெரு இளைஞனைத் திட்டும். உதவியை நிபந்தனையாக்கும் பேச்சை பிரிட்டன் 2011-இல் எடுத்தபோது, ஆப்பிரிக்கச் செயற்பாட்டாளர்களே அதை எதிர்த்துக் கூட்டறிக்கை விட்டார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். வெளிநாட்டு அரசு செய்யக்கூடியவை வேறு: வழக்கு விசாரணையில் தூதரக அதிகாரியைப் பார்வையாளராக உட்கார வைக்கலாம், சட்ட உதவிக்குப் பணம் தரலாம், தப்பி வருபவருக்கு விசா தாமதமின்றித் தரலாம். எதற்கும் முன் அந்த நாட்டுப் பால்புதுமையரிடம் கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அறிக்கைகூட விடக் கூடாது.

செல்லூர் வாசகர்: மதுரையில் இயங்கும் சிறிய அமைப்பு ஐ.நா.வுக்கு நேரடியாக எழுத முடியுமா?

முடியும். ஏறத்தாழ நாலரை ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு உறுப்பு நாட்டின் மனித உரிமை நிலையும் மற்ற நாடுகளால் ஆய்வு செய்யப்படுகிறது. இதற்கு உலகளாவிய காலமுறை ஆய்வு (UPR) என்று பெயர். உடன்படிக்கையில் சேராத நாடும் இதற்கு உட்பட்டது. இந்தியா 2008, 2012, 2017, 2022 ஆண்டுகளில் ஆய்வுக்கு உட்பட்டது. எந்த அமைப்பும் அறிக்கை அனுப்பலாம், ஐ.நா. அங்கீகாரம் தேவையில்லை. தனி அமைப்பு என்றால் 2,815 சொற்கள், கூட்டறிக்கை என்றால் 5,630. மீறினால் ஏற்க மாட்டார்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றில் ஒன்றில் எழுதுவது நல்லது. கடைசி நாள் ஆய்வுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

'உரிமைகளைப் பாதுகாக்க வேண்டும்' என்ற பொது வாக்கியத்தால் பயனில்லை. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த அமைச்சகம், என்ன மாற்றம் என்று ஒரே வரியில் இருந்தால்தான் வேறொரு நாடு அதை எடுத்துப் பேசும். அரசு ஒவ்வொரு பரிந்துரையையும் 'ஏற்கிறோம்' அல்லது 'குறித்துக்கொண்டோம்' என்று வகைப்படுத்தும். இரண்டாவது, ஏற்கவில்லை என்பதன் மரியாதையான வடிவம். ஏற்றதை மட்டும் வைத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினரிடமும் ஆட்சியரிடமும் போங்கள். 'அரசே ஒப்புக்கொண்டது' என்று கேட்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த அறிக்கைகள் இணையத்தில் வெளியாகும். பாதிக்கப்பட்டவரின் பெயர், ஊர், தெரு எதுவும் அதில் இருக்கக் கூடாது. அறிக்கை அனுப்ப வெளிநாட்டு நன்கொடைப் பதிவு வேண்டியதில்லை. ஆனால் அந்த வேலைக்கென வெளிநாட்டிலிருந்து பணம் வாங்கினால் 2010-இன் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். அறிக்கையில் குறை காண முடியாதவர்கள் கணக்கில் குறை காண்பார்கள்.

பேரையூர் வாசகி: என் தம்பி தன்பாலீர்ப்பாளன். மலேசியாவுக்கு வேலைக்குப் போகிறான். பிடிபட்டால் நம் தூதரகம் காப்பாற்றுமா?

அந்த நாட்டுச் சட்டத்திலிருந்து யாராலும் விலக்கு வாங்கித் தர முடியாது. மலேசிய தண்டனைச் சட்டத்தில் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. ஆனால் 1963-இன் வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவுப்படி, கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். தூதரக அதிகாரி சிறையில் பார்க்கவும் வழக்கறிஞர் ஏற்பாடு செய்யவும் உரிமை உண்டு. 'கேட்டால்' என்பதைத் தம்பி மனப்பாடமாக வைத்திருக்கட்டும். கேட்காமல் இருந்தால் அவர்கள் சொல்லாமலே விட்டுவிட வாய்ப்பிருக்கிறது.

கிளம்புமுன் கைப்பேசியில் இருக்கும் படங்கள், உரையாடல்கள், சந்திப்புச் செயலிகள் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லுங்கள்; இணைய மேகக் கணக்கில் (cloud) இருக்கும் நகலையும் சேர்த்து. கடவுச்சீட்டின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். புரியாத மொழித் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். வீட்டிலிருந்து நீங்கள் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியலாம். அதில் கடவுச்சீட்டு எண், வேலை செய்த நிறுவனம், கடைசியாகப் பேசிய தேதி இவை போதும். கைதுக்கான காரணத்தை ஊகித்து எழுத வேண்டாம். அதைத் தம்பி அதிகாரியிடம் நேரில் சொல்லிக்கொள்ளட்டும்.