கேளுங்கள், சொல்கிறேன்: சின்னக் கல்லூரி பேஸ்போல் கோச் எதைப் பார்க்கிறார்?

கேள்வி: சேர், எனக்கு 18 வயது. உயர் தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறேன். பாடசாலையில் வேகப்பந்து வீசினேன், ஈட்டியும் எறிந்தேன். இரண்டு வருடமாக பேஸ்போல் அணியில் பிட்சராக, அதாவது பந்து எறிகிறவனாக இருக்கிறேன். அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகம் எதுவும் என்னை எடுக்காது என்று தெரியும். சின்னக் கல்லூரி கோச்மார் எதைப் பார்த்து ஆள் எடுக்கிறார்கள்? எத்தனை மைல் வேகம் வேண்டும்?
(ஒரு மாணவர், பொகவந்தலாவை)

பதில்: தம்பி, வேகத்தை முதலில் முடித்துவிடுவோம். அங்கே கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கடைசிப் பிரிவான மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் பிட்சர்கள் பெரும்பாலும் மணிக்கு 80 முதல் 85 மைல் வரை எறிவார்கள். நம் கணக்கில் 129 முதல் 137 கிலோமீட்டர். 78 எறிகிற பையனையும் எடுப்பார்கள், அவன் இடது கைக்காரனாகவோ நினைத்த இடத்தில் பந்தைப் போடத் தெரிந்தவனாகவோ இருந்தால்.

கிரிக்கெட்டில் வீசிய வேகத்தை மட்டும் அவர்களுக்கு எழுதாதீர்கள். ஓடி வந்து முழங்கையை நீட்டி வீசுவது வேறு, நின்ற இடத்திலிருந்து முழங்கையை மடக்கி எறிவது வேறு. எல்லைக் கோட்டிலிருந்து விக்கெட் காப்பாளரின் கைக்கு நேராக எறிவீர்களே, அந்தக் கைதான் அவர்களுக்கு வேண்டும். ஈட்டி எறிந்த தோளும் வீண் போகாது. ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்று இரண்டு இந்திய இளைஞர்கள், பேஸ்போலைத் தொட்டே பார்க்காதவர்கள், ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் தெரிவாகி 2008இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற தொழில்முறைக் கழகத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். இருவருமே ஈட்டி எறிந்து பழகியவர்கள்.

சரி, இனி உண்மையான விஷயத்துக்கு வருவோம். ஒஹாயோவில் ஒரு சின்னக் கல்லூரியில் நான் உதவிக் கோச்சாக இருந்தேன். ஆள் தேடும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். ஒரு பையனின் பெயர் கைக்கு வந்ததும் நான் முதலில் கேட்டது அவனுடைய பாடசாலைப் பெறுபேற்றை. வேகத்தை அப்புறம்தான் கேட்பேன். ஏனென்றால் அது ஆயிரம், இரண்டாயிரம் மாணவர்கள் படிக்கிற இடம், மாணவர் கட்டும் பணத்தில் ஓடுகிற இடம். இந்த வருடம் எத்தனை புதுப் பிள்ளைகளைக் கொண்டு வருகிறாய் என்று கல்லூரியே கோச்சிடம் கேட்கும். அனுமதி கிடைக்காத பையனுக்காக மாதக்கணக்கில் அலைந்தால் அந்த உழைப்பு போய்விடும். முதல் வருடமே பாடத்தில் விழுந்து வெளியேறினால் அந்த இடத்துக்கு வேறு பையனையும் எடுத்திருக்க முடியாது. இவன் பாஸ் பண்ணுவானா, பணம் கட்ட வீட்டாரால் முடியுமா, நான்கு வருடமும் இருப்பானா, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகே கோச் கையைப் பார்ப்பார். உங்கள் உயர் தர முடிவு வேகத்தில் மூன்று மைல் கூடுவதை விடப் பெரிய உதவி செய்யும். ஆங்கிலத்தை இன்றைக்கே பிடியுங்கள்.

கையைப் பார்க்கும்போதும், பந்து ஓடாத நேரத்தில்தான் நான் அதிகம் எழுதிக்கொள்வேன். போட்டி தொடங்க ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுவேன். உடம்பைச் சூடாக்கும்போது சும்மா கடமைக்கு எறிகிறானா, ஒவ்வொரு பந்தையும் எதிரே நிற்பவனின் நெஞ்சுக்கு எறிகிறானா? பந்தைத் தவறவிட்டு மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழந்து திரும்பும்போது மட்டையை வீசுகிறானா, அடுத்து ஆடப் போகிறவனிடம் பந்து எப்படி வருகிறது என்று சொல்லிவிட்டுப் போகிறானா? நேராகக் களத்தடுப்பாளர் கைக்கு உருட்டிவிட்டு, எப்படியும் அவுட் என்று தெரிந்தும், அடித்தவன் முதலில் போய்த் தொட வேண்டிய முதல் பேஸ் வரை முழு வேகத்தில் ஓடுகிறானா? அது 90 அடி, 27 மீட்டர் கொஞ்சம் கூட. அந்த ஓட்டத்தை எப்போதும் கடிகாரத்தில் பிடிப்பேன். நன்றாக அடித்த பந்துக்கு எல்லோரும் ஓடுவார்கள்.

பிட்சரிடம் நான் ஆவலோடு காத்திருந்தது ஒரே ஒரு இடத்துக்கு. சக வீரன் ஒருவன் சுலபமான பந்தைத் தவறவிடுவான், அதனால் எதிரணி ஓட்டம் எடுக்கும். அந்த நொடியில் பிட்சரின் முகம் எங்கே திரும்புகிறது? கையை விரித்து வானத்தைப் பார்க்கிறவனை நான் எடுக்கச் சொன்னதில்லை, 88 மைல் எறிந்தாலும். மூன்றாம் பிரிவில் ஒரு பருவத்தில் 40 போட்டிகள் வரை ஆடலாம். குளிர் விடாத மார்ச் மாதத்தில் நாள் முழுக்க ஒரே பஸ்ஸில் போக வேண்டும். அந்த முகத்தோடு நாற்பது போட்டிகள் ஓடாது.

பெற்றோரையும் பார்ப்போம். தாய் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, பையன் கைவீசி நடந்தால் அது மனதில் பதியும்.

ஆனால் பொகவந்தலாவைக்கு எந்தக் கோச்சும் வந்து உட்காரப் போவதில்லை. அதனால் இவ்வளவையும் உங்கள் ஈமெயிலிலும் வீடியோவிலும்தான் தேடுவார்கள். ஈமெயிலை நீங்களே எழுதுங்கள். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அந்த அணியின் பெயர், அங்கே படிக்க விரும்பும் பாடம், உயரம், எடை, எந்தக் கை, பெறுபேறு, வருடத்துக்கு வீட்டில் எவ்வளவு கட்ட முடியும், இவை இருந்தால் போதும். வேகம் 76 என்றால் 76 என்றே எழுதுங்கள். 84 என்று எழுதியவனை முதல் நாளே வேகம் அளக்கும் ராடார் காட்டிக்கொடுக்கும், அதற்குப் பிறகு அவன் சொல்லும் எதையும் கோச் நம்பமாட்டார்.

பதில் வந்தால் நீங்களும் கேளுங்கள்: அணியில் எத்தனை பிட்சர்கள், போன வருடம் முதலாண்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் போட்டியில் எறிந்தார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்காம் ஆண்டு வரை இருந்தார்கள் என்று. நாற்பது பேரைச் சேர்த்துவிட்டு அதில் பாதிப் பேரை வெளியே உட்கார வைக்கிற கல்லூரிகளும் உண்டு. நல்ல கோச் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.

கேள்வி: ஐயா, மகன் பேஸ்போல் நன்றாக ஆடுவான். கொழும்பில் ஒருவர், தனக்குப் பணம் கட்டினால் அமெரிக்கக் கல்லூரியில் பேஸ்போலுக்காக முழுச் செலவும் இலவசமாக வாங்கித் தருவேன் என்கிறார். நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம்.
(ஒரு தாய், பண்டாரவளை)

பதில்: அம்மா, நகையை வைக்க வேண்டாம். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காக ஒரு சதம்கூட உதவித்தொகை தரக்கூடாது என்பது அந்தப் பிரிவின் சட்டம். படிப்புத் திறமைக்கும் குடும்ப வருமானத்தைப் பார்த்தும் தரலாம், அதைத் தீர்மானிப்பது கல்லூரி அலுவலகம். கோச்சுக்கே அந்த அதிகாரம் இல்லாதபோது கொழும்பில் இருப்பவருக்கு எங்கிருந்து வரும்? இரண்டாம் பிரிவு, என்.ஏ.ஐ.ஏ. என்ற இன்னொரு கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக் கல்லூரிகள், இரண்டு வருட ஜூனியர் கல்லூரிகள் பல, இவை விளையாட்டுக்குப் பணம் தரலாம். அங்கேயும் இருக்கிற தொகையை முப்பது, நாற்பது பையன்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் பேஸ்போலில் வழக்கம். முழு இலவசம் மிக அரிது.

அங்கே பல தனியார் கல்லூரிகளில் தங்கும் செலவோடு சேர்த்து வருடத்துக்கு 40,000 டொலருக்கு மேல் போகும். உதவித்தொகை போக மிச்சத்தைக் கட்ட வழி இருக்கிறது என்று ஆவணத்தோடு காட்டினால்தான் கல்லூரி ஐ-20 படிவம் தரும், அது இல்லாமல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. படிக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம், அது கைச்செலவுக்குத்தான் காணும். கொழும்பில் உள்ள அமெரிக்க-இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் அமெரிக்காவில் படிக்க வழிகாட்டும் எடியூகேஷன்யூஎஸ்ஏ ஆலோசனை நிலையம் இருக்கிறது. யாருக்கும் பணம் கொடுக்கும் முன் மகனைக் கூட்டிக்கொண்டு அங்கே ஒரு நாள் போய் வாருங்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வீடியோ எடுத்து அனுப்ப விரும்புகிறோம். எப்படி எடுப்பது?
(உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், தலவாக்கலை)

பதில்: சேர், மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பாட்டு வேண்டாம், மெதுவாக ஓடவிடும் வித்தை வேண்டாம். பிட்சரைப் பின்னாலிருந்து ஒரு தடவையும், அவர் முகமும் நெஞ்சும் தெரியும் பக்கத்திலிருந்து ஒரு தடவையும் எடுங்கள். தொடர்ந்து வரும் பந்துகளை வெட்டாமல் போடுங்கள், பிழைத்த பந்தும் இருக்கட்டும். கேட்சர் (விக்கெட் காப்பாளர் மாதிரிப் பின்னால் இருந்து பிடிப்பவர்) என்றால் பந்து கையுறையில் விழுந்த நொடியிலிருந்து இரண்டாம் பேஸில் நிற்பவர் அதைப் பிடிக்கும் நொடி வரை எண்ணுவார்கள். அந்தத் தூரம் கிட்டத்தட்ட 39 மீட்டர், நேரம் 2 விநாடியை ஒட்டி இருந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பனிமூட்டத்தில் வெள்ளைப் பந்து தெரியாது. ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் ஏறிய பிறகு, தேயிலைச் சரிவு பின்னால் பச்சையாக இருக்கும்படி நின்று எடுங்கள். இன்னொன்று: உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, அடித்த பந்து கூடத் தூரம் போகும், வளையும் பந்து குறைவாக வளையும். அமெரிக்காவில் டென்வர் நகரம் இதற்குப் பேர் போனது. அது 1,609 மீட்டர், நம் நுவரெலியாவோ 1,868. அதனால் வளைவு கொஞ்சம் குறைவாகத் தெரிந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். எந்த உயரத்தில் எடுத்தது என்று வீடியோவில் ஒரு வரி போடுங்கள், விஷயம் தெரிந்த கோச் கணக்குப் போட்டுக்கொள்வார்.

கேள்வி: பெண் பிள்ளைகளுக்கும் இந்த வழி உண்டா? நான் எல்லே நன்றாக ஆடுவேன்.
(ஒரு மாணவி, மஸ்கெலியா)

பதில்: உண்டு மகள். அங்கே கல்லூரிப் பெண்கள் ஆடுவது சொஃப்ட்போல். பந்து பெரிது, கையைக் கீழிருந்து சுழற்றி எறிவார்கள், பேஸ்களுக்கு நடுவே 60 அடிதான். எல்லேயில் ஓடிப் பழகிய கால் உங்களுக்குப் பெரிய சொத்து. பந்தைத் தட்டிவிட்டு ஓட்டத்தாலேயே முதல் பேஸைப் பிடிக்கும் இடது கை ஆட்டக்காரிகளைக் கோச்மார் விரும்பித் தேடுவார்கள், இடது பக்கம் நின்று ஆட இப்போதே பழகுங்கள். ஒரு பழக்கத்தை மட்டும் விட வேண்டும். எல்லேயில் ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்து அவுட்டாக்குவீர்கள். அங்கே அது கூடாது. பந்தைக் கையில் வைத்துத் தொட வேண்டும், இல்லாவிட்டால் பேஸில் நிற்பவருக்கு எறிய வேண்டும். பெறுபேறு, பணம், ஈமெயில் பற்றி மேலே அந்தத் தம்பிக்குச் சொன்னது உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.